டெல்டா கல்வி நிறுவனங்களுக்கு ஒரு பொது அதிவேக வலையமைப்பு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியிலிருந்து சிதம்பரம் வரை, காவிரிப் படுகையில் இருக்கும் பல்கலைக்கழகங்கள், ஆராய்ச்சி நிலையங்கள், கல்லூரிகள் எல்லாவற்றையும் ஒரே அதிவேக வலையமைப்பில் கோக்கலாம் என்ற பேச்சு சில காலமாக நடந்துவருகிறது. இன்னும் பேச்சு அளவில்தான் இருக்கிறது. வளாகக் கணினி மையத்தில் பல ஆண்டுகள் கேபிளோடு மல்லுக்கட்டியவன் என்பதால் அந்தக் கூட்டங்களுக்கு என்னையும் கூப்பிடுகிறார்கள். ஊர் மாறுகிறது, மேசை மேல் வைக்கும் பலகாரம் மாறுகிறது, கேள்விகள் மட்டும் மாறுவதே இல்லை. எழுதி வைத்துவிட்டால் அடுத்த கூட்டத்தில் மேற்கொண்டு பேசலாமே என்ற சுயநலத்தில் இதைத் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

எங்கள் கல்லூரியில் ஏற்கெனவே பிராட்பேண்ட் இருக்கிறதே, அப்புறம் இது எதற்கு?

பிராட்பேண்ட் விற்பவர் ஒரே குழாயைப் பல பேருக்கு விற்கிறார். எல்லோரும் ஒரே நேரத்தில் திறக்கமாட்டார்கள் என்ற கணக்கில்தான் அவருக்கு லாபம். அதில் தவறு ஒன்றும் இல்லை. மின்னஞ்சலுக்கும் இணையதளம் பார்ப்பதற்கும் அது போதும். ஆராய்ச்சி வலையமைப்பின் கணக்கு நேர்மாறானது. குழாய் பெரும்பாலான நேரம் காலியாகவே கிடக்க வேண்டும். யாராவது ஒருவர் பெரிய கோப்பை அனுப்பும்போது தடையில்லாமல் ஓட வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் காலியிடம். பாதியளவு நிரம்பத் தொடங்கினாலே குழாயைப் பெரிதாக்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இன்னொரு வேறுபாடு, போகும் வழி. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் 40 கிலோமீட்டர்தான். ஆனால் இரண்டு ஊர்க் கல்லூரிகளும் வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்பை வைத்திருந்தால், இங்கிருந்து அங்கே அனுப்பும் கோப்பு சென்னை வரை போய்ச் சுற்றிக்கொண்டு வரலாம். பொது வலையமைப்பில் அது நேராகப் பாபநாசம் வழியாகப் போய்விடும்.

இப்படி வேறு எங்கேயாவது செய்திருக்கிறார்களா, நாம்தான் சோதனை எலியா?

சோதனை எலிகள் எல்லாம் ஓய்வு பெற்றுவிட்டன. பிரிட்டனில் பல்கலைக்கழகங்களை இணைக்கும் ஜானெட் 1984-இல் தொடங்கியது. அமெரிக்காவின் என்எஸ்எஃப்நெட் 1986-இல் விநாடிக்கு 56 கிலோபிட் வேகத்தில் இயங்க ஆரம்பித்தது. அது நெரிசலில் திணறியதால் 1988-இல் 1.5 மெகாபிட், 1991-இல் 45 மெகாபிட் என்று உயர்த்தினார்கள். 1995-இல் அதை மூடிவிட்டு, முதுகெலும்பை, அதாவது நாடு முழுவதையும் கோக்கும் முக்கியப் பாதையை, வணிக நிறுவனங்களிடம் விட்டார்கள். மறு ஆண்டே 34 பல்கலைக்கழகங்கள் சேர்ந்து, வணிக இணையம் எங்கள் வேலைக்குப் போதாது என்று இன்டர்நெட்2 என்ற தங்கள் சொந்த அமைப்பைத் தொடங்கின. ஐரோப்பாவில் நாடுகளின் ஆராய்ச்சி வலையமைப்புகளை ஜியாண்ட் இணைக்கிறது.

இந்தியாவிலும் புதிதல்ல. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 1986-இல் எர்நெட் தொடங்கப்பட்டது. சென்னை ஐஐடியும் அதன் தொடக்க உறுப்பினர்களில் ஒன்று. 2010 மார்ச்சில் 5,990 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தேசிய அறிவு வலையமைப்புக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. என்கேஎன் என்று நாம் சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். தேசிய தகவல் மையம் அதை நடத்துகிறது.

என்கேஎன் இருக்கும்போது நாம் தனியாக ஏன் ஒன்று கட்ட வேண்டும்?

கல்லணை இருக்கும்போது வாய்க்கால் எதற்கு என்று இந்த ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். என்கேஎன் முதுகெலும்பு. திருச்சி என்ஐடி போன்ற நிறுவனங்களுக்கு அது நேராக வந்து சேர்கிறது. ஆனால் 1854-இல் தொடங்கிய கும்பகோணம் அரசுக் கல்லூரி முதல் நேற்றுத் தொடங்கிய கலைக் கல்லூரி வரை, ஒவ்வொரு வாசலுக்கும் டெல்லியிலிருந்து ஒரு கேபிள் வரும் என்று காத்திருக்க முடியாது.

மேலே சொன்ன என்எஸ்எஃப்நெட்டே மூன்று அடுக்காகத்தான் இருந்தது: நாட்டுக்கு ஒரு முதுகெலும்பு, வட்டாரத்துக்கு ஒரு வலையமைப்பு, அதற்குக் கீழே வளாகங்கள். நம்மிடம் மேலடுக்கு இருக்கிறது, கீழடுக்கு ஏதோ இருக்கிறது, நடு அடுக்குதான் இல்லை. நாம் பேசுவது அதைப் பற்றி. என்கேஎன்னுக்குப் போட்டியாக அல்ல. அதோடு ஓரிரு இடங்களில் சேர்ந்துகொள்ளும் ஒன்று.

10 ஜிகாபிட் எல்லாம் நமக்கு எதற்கு? இங்கே யார் அவ்வளவு பயன்படுத்தப் போகிறார்கள்?

முதலில் ஒரு கணக்கு. வேகத்தை விநாடிக்கு இத்தனை பிட் என்று சொல்கிறோம், கோப்பின் அளவைப் பைட்டில். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். 10 டெராபைட் தரவை அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 100 மெகாபிட் இணைப்பு முழுவதையும் உங்களுக்கே கொடுத்தாலும் ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். ஒரு ஜிகாபிட்டில் 22 மணி நேரம். 10 ஜிகாபிட்டில் இரண்டே கால் மணி நேரம்கூட ஆகாது. ஒன்பது நாள் என்றால் ஆராய்ச்சியாளர் அந்த வேலையையே தொடமாட்டார். "இங்கே யாரும் பயன்படுத்துவதில்லை" என்பதில் பாதி, முடியாது என்று தெரிந்து விட்டுவிட்டவர்களின் மௌனம்.

யார் என்று கேட்டால், ஓலைச்சுவடியிலிருந்து தொடங்குகிறேன். தஞ்சாவூரில் சரஸ்வதி மகால் நூலகத்திலும் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் சுவடிகள் குவிந்திருக்கின்றன. ஓர் ஓலையின் ஒரு பக்கத்தை 5 கோடிப் புள்ளிகள் கொண்ட கேமராவில், 16 பிட் நிறத்தில், சுருக்காமல் சேமித்தால் 300 மெகாபைட் வரும். 200 ஓலைகள் கொண்ட ஒரு கட்டுக்கு இரு பக்கமும் சேர்த்து 400 படங்கள், 120 ஜிகாபைட். இது ஒரே ஒரு கட்டு. எழுத்துகளை அடையாளம் காணும் நிரலை எழுதுபவர் திருச்சியில் இருக்கலாம், சுவடி படிக்கத் தெரிந்த பேராசிரியர் சிதம்பரத்தில் இருக்கலாம். சுருக்கிய படத்தை வைத்துக்கொண்டு புள்ளி இல்லாத மெய்யெழுத்தோடு போராடியவர்களுக்கு, மூலப் படம் ஏன் வேண்டும் என்பது சொல்லாமலே தெரியும்.

மற்றவர்களும் இருக்கிறார்கள். ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி 1922 முதல் நடக்கிறது; திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மரபணு வரிசை எடுக்கும் கருவி ஓர் ஓட்டத்திலேயே நூற்றுக்கணக்கான ஜிகாபைட்டுகளைக் கொட்டக்கூடியது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமும் ஒரே கடலைத்தான் இரண்டு பக்கமிருந்து பார்க்கின்றன. வயலின் ஈரத்தையும் பயிரையும் கணிக்க உதவும் செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் ஒரு காட்சியே ஒரு ஜிகாபைட் அளவுக்கு வரும். பத்து ஆண்டுக் குறுவையை ஒப்பிட வேண்டும் என்றால் எத்தனை காட்சிகள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஹார்டு டிஸ்க்கில் போட்டுப் பஸ்ஸில் அனுப்பினால் ஆகாதா? செலவு ஐம்பது, நூறு ரூபாய்தானே?

சிரிப்பதற்காகக் கேட்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். நல்ல கேள்விதான். தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்குப் பஸ் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடும். 10 டெராபைட் டிஸ்க்கைப் பையில் வைத்துக்கொண்டால், முன் கேள்வியில் சொன்ன 10 ஜிகாபிட் கேபிளை முந்திவிட்டதாகத் தோன்றும்.

டிஸ்க்கில் தரவை ஏற்றும் நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சாதாரண ஹார்டு டிஸ்க் விநாடிக்கு 200 மெகாபைட் எழுதினாலே பெரிது. அந்த வேகத்தில் 10 டெராபைட்டை ஏற்ற ஏறக்குறைய 14 மணி நேரம், அங்கே போய் இறக்க இன்னொரு 14 மணி நேரம். நடுவில் பஸ். ஒரே ஒரு முறை அனுப்ப வேண்டிய தரவு என்றால் இன்றும் நான் டிஸ்க்கைத்தான் சொல்வேன். வாரம்தோறும் என்றால் வேண்டாம். ஐப்பசி மழையில் நனைந்த ஒரு டிஸ்க்கை அரிசி டப்பாவுக்குள் மூன்று நாள் வைத்துப் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. அரிசி உதவவில்லை.

கேபிளை எந்த வழியாகக் கொண்டுபோவது? சாலையை வெட்ட அனுமதி வாங்கவே ஐந்து வருஷம் ஆகுமே?

நாம் வெட்டப் போவதில்லை. மண்ணுக்குள் கண்ணாடி இழை ஏற்கெனவே நிறையக் கிடக்கிறது. தொலைத்தொடர்பு உரிமம் பெற்ற நிறுவனங்களிடமிருந்து குத்தகைக்கு எடுப்பதுதான் வழி. இரண்டு விதமாக எடுக்கலாம். விநாடிக்கு இத்தனை ஜிகாபிட் என்று வேகத்தைக் குத்தகைக்கு எடுப்பது ஒன்று. ஒளி ஏற்றாத வெறும் இழையையே நீண்ட காலத்துக்கு எடுத்து, இரு முனையிலும் நம் கருவியைப் பொருத்துவது இன்னொன்று. இதை டார்க் ஃபைபர் என்பார்கள். முதலாவதில் வேகத்தை உயர்த்தும்போதெல்லாம் வாடகை உயரும். இரண்டாவதில் கருவியை மாற்றினால் போதும், இழை அதேதான். கிடைத்தால் இரண்டாவதை விடக்கூடாது என்பது என் கட்சி.

வரைபடத்தைப் பாருங்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, பேரளம், திருவாரூர், நீடாமங்கலம், மறுபடி தஞ்சாவூர்: ரயில் பாதை ஏற்கெனவே ஒரு வளையம். வெளியே இன்னொரு பெரிய வளையம்: திருச்சி, அரியலூர், விருத்தாசலம், கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, தஞ்சாவூர், திருச்சி. ரயில் பாதைகளை ஒட்டி இழை பதிப்பதற்கென்றே ரெயில்டெல் என்ற பொதுத்துறை நிறுவனம் இருக்கிறது. மின்கோபுரங்களின் உச்சிக் கம்பிக்குள் இழை வைத்து பவர்கிரிட் வேறு வழி வைத்திருக்கிறது. எந்தப் பகுதியில் எத்தனை இழை காலி என்பதை ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்க வேண்டும். அதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை.

டெல்டாவுக்கு ஓர் அதிர்ஷ்டமும் உண்டு. உள்வளையத்தில் அடுத்தடுத்த பெரிய ஊர்கள் 30 முதல் 60 கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. 80 கிலோமீட்டர் வரை ஒளியை அனுப்பும் மாட்யூல்கள் சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. அதனால் நடுவழியில் வயலுக்குள் ஒரு பெருக்கியை வைத்து, அதற்கு மின்சாரமும் காவலும் தேடும் தொல்லை உள்வளையத்தில் பெரும்பாலும் இல்லை.

புயல் வந்தால் எல்லாம் போய்விடுமே? கஜாவில் பார்த்தோமே?

பார்த்தோம். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா கரையேறியபோது மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கானது. கம்பத்தில் கட்டிய கேபிள் கம்பத்தோடு போகும். மண்ணில் புதைத்தது பெரும்பாலும் பிழைக்கும். ஆனால் கேபிள் பிழைத்தும் கருவிக்கு மின்சாரம் இல்லையென்றால் என்ன பயன்? ஆகவே வளையத்தின் ஒவ்வொரு கணுவிலும், அதாவது கருவி வைக்கும் ஒவ்வொரு இடத்திலும், நல்ல பேட்டரி, ஜெனரேட்டர், அதற்கு டீசல் ஊற்ற ஓர் ஆள் வேண்டும். புயல் எச்சரிக்கை வந்த பிறகு டீசல் வாங்கப் போனால் பங்கில் உங்களுக்கு முன்னால் ஊரே நிற்கும்.

உண்மையைச் சொன்னால், புயலைவிட ஜேசிபிக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது மரபு. அதற்கு முன்பு சித்திரை, வைகாசியில் ஆறு, வாய்க்கால் எல்லாம் தூர்வாருவார்கள். கரையோரத்தில் புதைத்த கேபிளுக்கு அதுதான் அறுவடைக் காலம்.

ஒன்று அறுந்தால் இன்னொன்று என்று இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கிவிட்டோம். அது போதுமல்லவா?

போதும் என்று நானும் நம்பினேன். ஒரு வைகாசி மாதம் இரண்டு இணைப்பும் ஒரே நிமிடத்தில் செத்தன. போய்ப் பார்த்தால், வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் ஒரே பள்ளம், அதில் இரண்டு நிறக் கேபிள்கள், ஜேசிபியின் ஒரே வாளியில் வெளியே வந்து கிடந்தன. இரண்டாவது நிறுவனம் முதல் நிறுவனத்தின் குழாயில்தான் தன் கேபிளை நுழைத்திருந்தது. இரண்டு பேருக்கும் தவறாமல் பணம் கட்டிக்கொண்டிருந்தோம்.

ஆகவே நிறுவனத்தின் பெயரைக் கேட்காதீர்கள், பாதையைக் கேளுங்கள். கேபிள் எந்தச் சாலையில், எந்தப் பாலத்தில், எந்தப் பக்கக் கரையில் போகிறது என்ற வரைபடத்தை ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். கொள்ளிடத்தைத் தாண்டும் இடம் இதில் முக்கியம். ஆற்றைக் கடக்கப் பாலங்கள் சிலதான். கேபிள்கள் எல்லாம் அங்கே வந்து கூடிவிடும். முன்பு சொன்ன பெரிய வளையத்தின் மதிப்பு இதனால்தான்: ஒரு பக்கம் திருச்சி அருகிலும் மறுபக்கம் சிதம்பரத்துக்குத் தெற்கிலும் என்று அது கொள்ளிடத்தை வெகு தூரம் தள்ளியுள்ள இரண்டு இடங்களில் தாண்டுகிறது.

செலவு யார் தலையில்?

எல்லோர் தலையிலும். எப்படிப் பிரிப்பது என்பதில்தான் சண்டை. பயன்படுத்திய தரவின் அளவுக்கு ஏற்பக் கட்டணம் என்பது நியாயமாகத் தோன்றும். நிதி அலுவலர்களுக்கு அது மிகவும் பிடிக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அதிகம் பயன்படுத்தும் ஆராய்ச்சியாளரை அடுத்த மாதமே துறைத் தலைவர் கூப்பிட்டுக் கண்டிப்பார். யாரும் பயன்படுத்தக்கூடாது என்பதற்காகவா இதைக் கட்டுகிறோம்? இணைப்பின் அளவுக்கு ஏற்ப, ஆண்டுக்கு ஒரு நிலையான தொகை: 1 ஜிகாபிட் வாசலுக்கு இவ்வளவு, 10 ஜிகாபிட் வாசலுக்கு இவ்வளவு. சிறிய கல்லூரிகளுக்குக் குறைத்து, பெரிய நிறுவனங்கள் கொஞ்சம் கூடுதலாகத் தாங்க வேண்டும்.

கேபிளும் கருவியும் ஒருமுறைச் செலவு. மானியம் கிடைக்கும், அமைச்சர் வந்து திறந்துவைப்பார். குத்தகை, மின்சாரம், பழுதுபார்ப்பு, சம்பளம் ஆகியவை ஆண்டாண்டுக்கும் வரும். அவற்றுக்கு ரிப்பன் வெட்ட ஒருவரும் வரமாட்டார். கருவிகளும் ஆறேழு ஆண்டுகளில் கிழடாகிவிடும். அந்த மாற்றுச் செலவை முதல் ஆண்டிலிருந்தே தனிக் கணக்கில் ஒதுக்காத திட்டத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆறு வெட்டியவன் பெயர் கல்வெட்டில் இருக்கும். ஆனால் ஆறு இன்னும் ஓடுவது ஆண்டுதோறும் குடிமராமத்துக்கு மண்வெட்டியோடு வந்தவர்களால்.

நாங்கள் கடைமடை. பெரிய நிறுவனங்கள் எடுத்ததுபோக எங்களுக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் வருமா?

இதைக் கேட்டவர் நாகப்பட்டினம் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் முதல்வர். அவர் குரலில் நெட்வொர்க்கைவிடப் பழைய கசப்பு ஒன்று இருந்தது.

தண்ணீருக்கும் தரவுக்கும் இங்கே வேறுபாடு உண்டு. தலைமடைக்காரர் எடுத்த தண்ணீர் தீர்ந்துவிடும். இணைப்பின் கொள்ளளவோ ஒவ்வொரு விநாடியும் புதிதாக வருகிறது. பயன்படுத்தாததை மேட்டூரில் தேக்கி வைக்கவும் முடியாது. வளையத்துக்குத் தலையும் கிடையாது, வாலும் கிடையாது. நெரிசல் வந்தாலும் ஒவ்வொரு உறுப்பினருக்கும் குறைந்தபட்ச அளவை, போக்குவரத்துக்கு வழிகாட்டும் கருவியான ரவுட்டரில் ஒதுக்கி வைக்கலாம். முறைப்பாசனம் மாதிரிதான், ஆனால் இரவில் மதகுக்குக் காவல் இருக்க வேண்டியதில்லை.

உண்மையான கடைமடை வேறிடத்தில் இருக்கிறது: வளாக வாசலிலிருந்து ஆய்வகத்து மேசை வரை. அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான்.

இணைப்பு 1 ஜிகாபிட் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். என் கணினியில் 10 மெகாபிட்தான் வருகிறது. யார் திருடுகிறார்கள்?

பெரும்பாலும் யாரும் திருடுவதில்லை. இந்தக் கேள்வியில்தான் பல வலையமைப்புகள் பெயர் கெட்டுப் போகின்றன. மூன்று இடங்களில் தேடுங்கள்.

முதலாவது, வழியில் இருக்கும் கிழட்டுக் கருவி. ஒரு துறையின் புகாரைத் துரத்திக்கொண்டு மூன்று வாரம் அலைந்தேன். மாடிப்படிக்குக் கீழே, துடைப்பத்துக்குப் பக்கத்தில், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது எட்டுத் துளை ஸ்விட்ச் ஒன்று. விளக்குப் போடும் ஸ்விட்ச் அல்ல, கணினிக் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் பெட்டி. அதன் உச்ச வேகமே 100 மெகாபிட். யார் மாட்டினார்கள் என்று யாருக்கும் நினைவில்லை.

இரண்டாவது, கணினியின் அமைப்பு. அனுப்பும் கணினி கொஞ்சம் தரவை அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்தது என்ற பதிலுக்காகக் காத்திருக்கும். பதிலுக்கு முன் எவ்வளவு அனுப்பலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு. ஆய்வுக் கருவிகளோடு வந்த பழைய கணினிகளில் அது 64 கிலோபைட்டாகவே இருக்கலாம். டெல்லிக்குப் போய்த் திரும்ப 50 மில்லி விநாடி என்று வைத்துக்கொண்டால், அந்த அளவில் விநாடிக்கு சுமார் 10 மெகாபிட்தான் ஓடும். குழாய் எவ்வளவு பெரிதானாலும் இதுதான் கதி. ஒரு ஜிகாபிட்டை நிரப்ப அந்த அளவு 6 மெகாபைட்டுக்கு மேல் வேண்டும். புதிய இயங்குதளங்கள் தாமாகவே கூட்டிக்கொள்ளும், பழையவற்றில் நாம்தான் மாற்ற வேண்டும்.

மூன்றாவதுதான் கண்ணில் படாதது: வழியில் தொலையும் பொட்டலங்கள். தரவு சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் போகிறது, அந்தத் துண்டுகளைத்தான் பொட்டலம் என்கிறோம். கேபிள் முனையில் ஒரு தூசி, நெரிசல் தாங்காத ஒரு ஸ்விட்ச், மூச்சு வாங்கும் ஃபயர்வால் (வந்துபோவதைச் சோதிக்கும் காவல் கருவி), ஏதாவது ஒன்று போதும். பொட்டலம் தொலைந்தால் அனுப்பும் கணினி வேகத்தைச் சட்டென்று குறைத்துவிட்டு மெல்ல ஏற்றும். தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் நடுவே பதில் ஓரிரு மில்லி விநாடியில் வந்துவிடுவதால் உடனே மீண்டுவிடும். சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும். டெல்லிக்கோ ஜெனீவாவுக்கோ அனுப்பும்போது மீள்வதற்குள் அடுத்த பொட்டலம் தொலைந்திருக்கும். அதனால்தான் உள்ளூர்ச் சோதனையைக் காட்டி "எங்கள் பக்கம் கோளாறு இல்லை" என்று சொல்பவரை நம்பக்கூடாது. உலகின் ஆராய்ச்சி வலையமைப்புகள் இதற்காகவே பெர்ஃப்சோனார் என்ற இலவச மென்பொருளைக் கணுவுக்குக் கணு நிறுத்தி, இரவும் பகலும் ஒன்றையொன்று அளந்துகொண்டே இருக்கும்படி வைத்திருக்கின்றன. நம் வளையத்தில் முதல் நாளிலிருந்தே இது இருக்க வேண்டும்.

பெரிய தரவுக்கான கணினியை ஃபயர்வாலுக்கு வெளியே வைக்கச் சொல்கிறீர்களாமே? தணிக்கையில் யார் பதில் சொல்வது?

சொன்னேன். கதவைத் திறந்து போடச் சொல்லவில்லை. வளாக ஃபயர்வால் ஆயிரம் பேரின் சின்னச் சின்ன இணைப்புகளைச் சோதிப்பதற்காகச் செய்யப்பட்டது. ஒரே பெரும் ஓட்டம் வந்தால் திணறிப் பொட்டலங்களைக் கீழே போடும். அதன் விளைவு முந்தைய பதிலின் கடைசிப் பத்தியில் இருக்கிறது.

அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆராய்ச்சி வலையமைப்பான இஎஸ்நெட் இதற்கு ஒரு வடிவமைப்பைச் சொல்லிக் கொடுத்தது. அதன் பெயர் சயின்ஸ் டிஎம்இசட். வளாகத்தின் எல்லையில் தரவு அனுப்புவதற்கென்றே ஒரு கணினி. அதில் மின்னஞ்சல் கிடையாது, உலாவி கிடையாது, சம்பளப் பட்டியல் கிடையாது. எந்தெந்த முகவரியிலிருந்து எந்த வாசல் வழியாக வரலாம் என்ற பட்டியல் எல்லை ரவுட்டரிலேயே இருக்கும். தேர்வுத் துறையின் கணினிகள் பழையபடி ஃபயர்வாலுக்குப் பின்னால்தான். தணிக்கையாளருக்கு இந்த ஏற்பாட்டை ஒரு பக்கத்தில் எழுதி, முன்கூட்டியே துணைவேந்தர் ஒப்பத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். கேட்ட பிறகு எழுதுவது விளக்கம் ஆகாது, மன்னிப்புக் கடிதம் ஆகிவிடும்.

மாணவர்கள் படம் பார்த்தே நிரப்பிவிடுவார்களே?

பார்ப்பார்கள். நாமும் பார்க்கிறோம். அந்தப் போக்குவரத்து நீங்கள் இப்போது வைத்திருக்கும் பிராட்பேண்ட் வழியாகவே போகட்டும். ஆராய்ச்சி வலையமைப்பு அதை ஒழித்துவிடும் என்று நான் எங்கும் சொன்னதில்லை.

எங்கள் ஆய்வு மாணவர் திருவாரூர் போனால், அங்கே வைஃபை கடவுச்சொல்லுக்காக ஒவ்வொருவரிடமும் கெஞ்ச வேண்டுமா?

வேண்டாம். எடுரோம் என்ற ஏற்பாடு இதற்குத்தான். ஐரோப்பாவில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியது. இந்தியாவில் எர்நெட் ஒருங்கிணைக்கிறது. எந்த வளாகத்துக்குப் போனாலும் அதே பெயரில் வைஃபை இருக்கும். உங்கள் சொந்த நிறுவனம் கொடுத்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால், போன இடத்துச் சர்வர் உங்கள் நிறுவனத்தின் சர்வரிடம் கேட்கும். "நம்ம ஆள்தான்" என்று பதில் வந்தால் கதவு திறக்கும். கடவுச்சொல் போன இடத்தில் தங்காது. ஒன்று மட்டும்: கைபேசியை முதன்முறை அமைக்கும்போது உங்கள் நிறுவனச் சான்றிதழைச் சரிபார்க்கும்படி அமைக்க வேண்டும். அதைத் தவிர்த்துவிட்டு "ஆம், ஆம்" என்று அழுத்தினால், அதே பெயரில் போலி வைஃபை வைத்திருப்பவரிடம் கடவுச்சொல்லைத் தாரை வார்த்ததாகிவிடும்.

அந்தப் பல்கலைக்கழகம் வாங்கும் ஆய்விதழ்களை நாங்களும் படிக்கலாமா?

கேபிள் சேர்ந்துவிட்டது என்பதால் சந்தா சேராது. அது பதிப்பாளரோடு செய்துகொண்ட தனி ஒப்பந்தம். அரசு நிறுவனங்களுக்கு இந்தக் கவலை பெருமளவு குறைந்துவிட்டது: 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பாளர்களின் சுமார் 13,000 இதழ்கள் அடங்கும். தனியார் கல்லூரிகளுக்கு அது இல்லை. அவர்கள் கூட்டாகப் பேரம் பேச இந்த அமைப்பு ஒரு மேசையாக உதவலாம். அவ்வளவுதான்.

பெரிய பல்கலைக்கழகம் ஒன்றே பொறுப்பேற்று நடத்தினால் என்ன? கமிட்டி எல்லாம் போட்டால் உருப்படுமா?

கமிட்டியைப் பற்றி உங்கள் கருத்துதான் எனக்கும். ஆனால் ஒரே நிறுவனம் நடத்தினால் மற்றவர்கள் அதன் வாடிக்கையாளர்கள் ஆகிவிடுவார்கள். அங்கே நிதி நெருக்கடி வந்தால் முதலில் வெட்டுப்படுவது பக்கத்து ஊருக்குப் போகும் கேபிள். மாநிலப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் பதவிக்காலம் மூன்று ஆண்டு. இழைக் குத்தகை 15, 20 ஆண்டு. ஒரு குத்தகைக்குள் ஐந்தாறு துணைவேந்தர்கள் வந்துபோவார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

என் யோசனை, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் ஒரு சங்கம். ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு வாக்கு. அன்றாட வேலைக்கு முழுநேரச் சம்பளத்தில் நான்கைந்து பொறியாளர்கள், அவர்களின் முடிவில் தலையிடாத ஒரு தலைவர். கௌரவ ஒருங்கிணைப்பாளர் என்ற பெயரில் ஏற்கெனவே 16 மணி நேரம் வகுப்பெடுக்கும் உதவிப் பேராசிரியரின் தலையில் கட்டினால், முதல் தீபாவளிக்குள் அது படுத்துவிடும்.

இரவு இரண்டு மணிக்கு அறுந்தால் யாரைக் கூப்பிடுவது?

சங்கத்தின் ஒரே எண்ணை. எந்தப் பகுதி அறுந்தது, எத்தனையாவது கிலோமீட்டரில் என்பதை ஓடிடிஆர் கருவி சில நிமிடங்களில் சொல்லிவிடும்: இழைக்குள் ஒளியை அனுப்பி, எங்கே மோதித் திரும்புகிறது என்று அளப்பது அது. ஒட்டுப்போடும் குழு அங்கே போக வேண்டும். வளையம் முறையாக இருந்தால் அதற்குள் போக்குவரத்து மறுபக்கமாகத் திரும்பியிருக்கும். நீங்கள் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கவே தேவையில்லை.

நான் பட்ட பாடு வேறு. ஒருமுறை கோளாறு கேபிளில் இல்லை, ஸ்விட்ச் அறைக்குள்தான் என்று இரவு பத்து மணிக்கே தெரிந்துவிட்டது. அறைச் சாவி வைத்திருந்தவர் குலதெய்வக் கோயிலுக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வர இரண்டு நாள் ஆனது.

எல்லாம் சரி. திட்டம் வரும்போது வரட்டும். எங்கள் கல்லூரியில் இப்போதே என்ன செய்ய வேண்டும்?

ஒரு நாள் காலையில் நீளமான தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, இணைப்பு வளாகத்துக்குள் நுழையும் இடத்திலிருந்து கடைசி ஆய்வகம் வரை நடந்து பாருங்கள். எந்தச் சுவரில் ஏறுகிறது, எந்தக் கூரையில் எலி கடித்திருக்கிறது, எந்தெந்த ஸ்விட்ச் எந்த ஆண்டு வாங்கியது, எது யுபிஎஸ் இல்லாமல் நேரடி மின்சாரத்தில் ஓடுகிறது என்று வரைந்துகொண்டே போங்கள். மாடிப்படிக்குக் கீழேயும் குனிந்து பாருங்கள். கட்டடங்களுக்கு நடுவே செப்புக் கேபிள் ஓடினால் சிவப்பில் குறியுங்கள். இடி விழும் ஊரில் அதை முதலில் இழைக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் சாவி யாரிடம், இரண்டாவது சாவி யாரிடம் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள்.